இது என்ன மரம்? செமினி வட்டார மரங்களும் அவற்றின் பெயர்க் காரணங்களும்

செமினியில் ஒரு தாமான். மாலை நேரம். சாலையோர மரத்தடியில் கிடந்த பச்சைக் காய் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவருகிறான் ஆறு வயதுப் பையன்.

"பாட்டி, இது மாங்காயா?"

"ஐயோ, கீழ போடு சாமி! அது காட்டரளிக் காய். வாயில வெச்சியா? மொதல்ல போய்க் கைய கழுவு."

பாட்டி தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்வெட்டி வாழ்ந்தவர். பையனின் அப்பாவுக்கு அந்த மரத்தின் பெயர் தெரியாது. தினமும் அதன் நிழலில்தான் காரை நிறுத்துகிறார். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் அதைப் 'போங் போங்' என்கிறார். மரம் ஒன்றுதான். ஆனால் அதில் நஞ்சு இருக்கிறது என்பதைச் சொன்ன பெயர் பாட்டியின் வாயில் மட்டுமே இருந்தது.

செமினி, ரிஞ்சிங், புரோகா, பெரானாங் வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களை விட்டு வந்த பெரியவர்களிடம் மரப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகளிடம் அவை போய்ச் சேரவில்லை. பெயர் போனால் கூடவே எச்சரிக்கையும் போகிறது, வைத்தியமும் போகிறது, அந்த மண்ணில் யார் வாழ்ந்தார்கள் என்ற குறிப்பும் போகிறது.

நம் வட்டாரத்திலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் காணக்கூடிய சில மரங்களை அடையாளம் காணும் முறையும், அவற்றின் பெயர்கள் வந்த விதமும் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே நினைவில் வைக்க வேண்டும். ஒரு மரத்தின் பெயர், அதற்குப் பெயர் வைத்தவர் எங்கே நின்று அதைப் பார்த்தார் என்பதைச் சொல்லும். அது எந்த மரம் என்பதை உறுதிப்படுத்த மரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பெயருக்கு முன் பார்க்க வேண்டியவை

இலை: ஒரு காம்பில் ஒரே இலையா, பல சிற்றிலைகளா? சிற்றிலைகள் என்றால் எத்தனை? இலைகள் எதிரெதிராக நிற்கின்றனவா, மாறி மாறி நிற்கின்றனவா, வட்டமாக ஒரே இடத்தில் சுற்றி நிற்கின்றனவா?

பால்: கீழே விழுந்த இலையின் காம்பில் பால் உலர்ந்த தடம் இருக்கிறதா? வெள்ளையா, சிவப்பா, கறுப்பா? அடையாளம் தெரியாத மரத்தின் இலையைப் பறித்து ஒடிக்கவோ கசக்கவோ வேண்டாம். அதன் காரணம் கீழே வருகிறது.

பட்டை: முள் உண்டா? கறுப்புக் கறை வழிந்திருக்கிறதா?

பூவும் காயும்: கிளையில் காய்க்கிறதா, அடிமரத்திலேயே காய்க்கிறதா? காய் வெடிக்கிறதா, காற்றில் பறக்கிறதா?

நேரம்: மாலையில் இலை மடிகிறதா? ஆண்டில் எப்போது இலை உதிர்கிறது?

இந்த ஐந்தையும் பார்த்தபின் பெயரைக் கேட்டால் ஏமாற்றம் குறையும்.

எச்சரிக்கையோடு பார்க்க வேண்டிய மூன்று

காட்டரளி. செர்பெரா ஒடொல்லம் என்பது இதன் அறிவியல் பெயர். இலைகள் மாவிலையைப் போல நீண்டு, கிளை நுனியில் கொத்தாக நிற்கும். பூ வெள்ளை, நடுவில் மஞ்சள் கண், நல்ல வாசனை. காய் உருண்டையாக, பச்சையாக, மாங்காய் போலவே இருக்கும். மாமரத்திலிருந்து பிரித்தறிய எளிய வழி பால்தான். காட்டரளியில் காம்பு முறிந்த இடத்தில் வெள்ளைப் பால் வரும். உலர்ந்த பழைய காய்கள் நார் நாராக, வலை பின்னியது போல் மரத்தடியில் கிடக்கும். மாங்கொட்டை அப்படி இராது. இதன் விதை இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு.

பெயரைப் பாருங்கள். கேரளத்தில் இதை ஒதளம் என்பார்கள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற நூல் மலையாள நாட்டுச் செடி கொடிகளின் உள்ளூர்ப் பெயர்களைப் பதிவு செய்தது. அதன் வழியாக ஒதளம் 'ஒடொல்லம்' ஆகி அறிவியல் பெயருக்குள் போனது. முன்பாதியான செர்பெரா, கிரேக்கக் கதையில் நரகத்தின் வாசலைக் காக்கும் நாயின் பெயரிலிருந்து எடுத்தது. அறிஞர்களுக்கு நரக நாய் நினைவுக்கு வந்தது. நம் பெரியவர்களுக்கு அரளி நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே எச்சரிக்கை. 'போங் போங்' என்ற பெயரில் அந்த எச்சரிக்கை இல்லை.

குழந்தை இதை வாயில் வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் செய்து நேரத்தைக் கடத்த வேண்டாம். 999 எண்ணை அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடித்த காயையும் கையோடு கொண்டு போங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் இதுபோன்ற விவகாரங்களில் ஆலோசனை தருகிறது.

ரெங்காஸ். ஆற்றோரங்களிலும் தாழ்நிலக் காட்டிலும் வளரும் பெரிய மரம். பட்டை காயப்பட்ட இடங்களில் கறுப்புக் கறை வழிந்து உறைந்திருப்பதே முக்கிய அடையாளம். இதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும், வீங்கும், பல நாள் அரிக்கும். மேலே இலையைக் கசக்க வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவே காரணம்.

நமக்கு இது முற்றிலும் புதிய குணமன்று. ரெங்காஸ் மாமரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெய் தோலைச் சுடும். தமிழ்நாட்டில் வண்ணார்கள் துணிக்குக் குறி போடப் பயன்படுத்திய சேரான்கொட்டையின் சாறும் தோலைப் புண்ணாக்கும். சேரான்கொட்டையைத் தெரிந்த பெரியவரிடம் "அது மாதிரி" என்று சொன்னால் ரெங்காஸ் உடனே புரிந்துவிடும்.

ஈப்போ மரம். பேராக் தலைநகரின் பெயர் இந்த மரத்திலிருந்து வந்தது. இதன் பாலைத்தான் பூர்வகுடி மக்கள் ஊதுகுழல் அம்புகளின் முனையில் தடவி வேட்டையாடினார்கள். ஈப்போ ரயில் நிலையத்தின் எதிரே இன்றும் ஓர் ஈப்போ மரத்தைக் காணலாம். இதே மரம் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது. அங்கே மலைவாழ் மக்கள் பட்டையை உரித்து, அடித்து மென்மையாக்கி, தானியம் கட்டும் பையாகப் பயன்படுத்தினார்கள். அதனால் மரவுரி மரம் என்ற பெயர் வந்தது. ஓரிடத்தில் நஞ்சு, இன்னோரிடத்தில் சாக்குப் பை. இரண்டு மக்களும் தமக்குத் தேவையானதை வைத்தே பெயரிட்டார்கள்.

தோட்டம் தந்த பெயர்கள்

ரப்பர். இதை அடையாளம் காட்ட வேண்டிய காலமும் வந்துவிட்டது. தாமானில் வளர்ந்த பிள்ளைகளில் பலர் ரப்பர் மரத்தைப் பார்த்ததில்லை. ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள், ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக இலை உதிர்வு, வெயிலில் 'டப்' என்று வெடிக்கும் மூன்றறைக் காய், பழுப்புப் புள்ளிகள் கொண்ட வழவழப்பான விதை. அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் சூடு வைத்து ஓடாத தோட்டத்துப் பிள்ளை குறைவு.

பிரேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த கதையின் ஒரு வேர் அங்கே இருக்கிறது.

பெயரோ மூன்று விதமாக வந்தது. 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில அறிஞர், இந்தப் பொருள் பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்கிறது என்று குறிப்பிட்டார். தேய்ப்பது என்ற பொருளில் 'ரப்பர்' ஆயிற்று. மலாய்க்காரர்கள் பிசின், பால் என்ற பொருளில் 'கெத்தா' என்றார்கள். விடியற்காலை நிரைக்குப் போன தமிழர்கள் 'பால் மரம்' என்றார்கள். வெட்டிய கோட்டில் மறுநாள் ஒட்டிக் கிடந்தது ஒட்டுப்பால். ஆங்கிலப் பெயர் எழுத்து மேசையில் பிறந்தது. தமிழ்ப் பெயர் மரத்தடியில், வாளியோடு நின்றவர்களிடம் பிறந்தது.

செம்பனை. மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. பனையைப் போன்ற உருவம், செம்மை நிறப் பழம். இரண்டையும் சேர்த்து மலேசியத் தமிழர் செம்பனை என்றார்கள். மலாயில் கெலாப்பா சாவிட். 'கெலாப்பா' என்றால் தேங்காய். மலாய்க்காரர் கண்ணுக்கு அது ஒரு வகைத் தென்னை, நம் கண்ணுக்கு அது ஒரு வகைப் பனை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் பகுதியில், பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியேவால் உருவாக்கப்பட்டது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆம், தமிழ்ச் சொல்லேதான். மலேசியச் செம்பனைத் தொழிலின் வரலாற்றை எந்த மொழியில் எழுதினாலும் முதல் பக்கத்தில் ஒரு தமிழ் மரப் பெயரை எழுதாமல் இருக்க முடியாது. ஃபோக்கோனியே பின்னர் மலாயா வாழ்க்கையைப் பற்றி எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது.

சாலையோரத்து மரங்கள்

தூங்குமூஞ்சி மரம். குடை விரித்தது போன்ற பெரிய தலை, சிறுசிறு சிற்றிலைகள், பவுடர் அடிக்கும் பஞ்சு போன்ற இளஞ்சிவப்புப் பூ, இனிப்புப் பசையுள்ள கறுத்த காய். பொழுது சாயும்போது இலைகளை மடித்துக்கொள்ளும். தமிழர்கள் அதைத் தூக்கமாகப் பார்த்துத் 'தூங்குமூஞ்சி' என்றார்கள். மலாய்க்காரர்கள் நேரத்தைப் பார்த்துப் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி என்றார்கள். மழை மேகம் கவிந்தாலும் இலை மடியும் என்பதால் ஆங்கிலத்தில் மழை மரம். மூன்றும் ஒரே நடத்தையைத்தான் சொல்கின்றன.

இன்று ஐந்து மணிக்குப் போய் நின்று இலை மடியவில்லை என்று பெயரைக் குறை சொல்ல வேண்டாம். தீபகற்பத்தின் கடிகாரம் 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன்பும் சில முறை மாற்றப்பட்டது. மரம் சூரியனைத்தான் பார்க்கிறது. தைப்பிங் ஏரிப் பூங்காவில் தண்ணீரை நோக்கிக் கிளை நீட்டி நிற்கும் புகழ்பெற்ற மரங்கள் இவைதான். தென் அமெரிக்காவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த இனம் என்பதை அதன் நிழலில் நிற்கும்போது யாரும் நினைப்பதில்லை.

அங்சானா. ஒரே நாளில் மரம் முழுக்க மஞ்சளாகப் பூத்து, மறுநாள் சாலையையும் கார் கூரையையும் மஞ்சளாக்கும் மரம் இது. காய் வட்டமாக, சுற்றிலும் இறக்கை வைத்த காசு போல் இருக்கும். பட்டையில் காயம் பட்டால் இரத்தம் போன்ற சிவப்புப் பிசின் வடியும். அந்தப் பிசினைப் பார்த்த பெரியவர் சிலர் இதை வேங்கை என்பார்கள். அவர்கள் முழுக்கத் தவறில்லை. தமிழ்நாட்டு மலைகளில் வளரும் வேங்கையும் அங்சானாவும் ஒரே இனத்தின் அக்காள் தங்கைகள். ஆந்திராவின் செம்மரமும் அதே இனம். வேங்கை என்றால் புலியும்தான். கரும்பாறை மேல் மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடப்பதைப் புலியாகக் கண்டு மருண்டது சங்கப் பாடல்களில் வரும் காட்சி. வேங்கைக்குச் சமஸ்கிருதத்தில் 'அசன' என்ற பெயர் உண்டு. அங்சானா என்ற மலாய்ப் பெயரின் ஒலியில் அது கேட்கிறது.

பூலாய். காட்டோரங்களில் நெட்டையாக நிற்கும். இலைகள் ஒரே கணுவில் வட்டமாகச் சுற்றி நிற்கும். வெள்ளைப் பால் உண்டு. தமிழில் இந்த இனத்தின் மரத்துக்கு ஏழிலைப்பாலை என்று பெயர். ஏழு இலை, பால் என்ற இரண்டு அடையாளங்களையும் பெயரே சொல்லிவிடுகிறது. எண்ணிப் பார்த்தால் சில இடத்தில் ஐந்தும் எட்டும் இருக்கும். பெயர் வைத்தவர் கணக்குப் புத்தகத்துக்காக எண்ணவில்லை. இந்தியாவில் இதன் பலகையில் பிள்ளைகள் எழுதிப் பழகியதால் அறிவியல் பெயரில் பள்ளியைக் குறிக்கும் 'ஸ்கோலாரிஸ்' என்ற சொல் இடம்பெற்றது.

கோயிலிலும் வீட்டிலும்

நாகலிங்க மரம். அடிமரத்திலிருந்தே கயிறு போன்ற தண்டுகள் தொங்கும். அவற்றில் செம்மையான, மணக்கும் பூக்கள். பூவின் நடுவே லிங்கம் போல ஒரு மேடு, அதன் மேல் படமெடுத்த நாகம் போல வளைந்த பகுதி. காய் பீரங்கிக் குண்டு அளவுக்கு உருண்டையாக இருப்பதால் ஆங்கிலத்தில் பீரங்கிக் குண்டு மரம். ஒருவர் பூவைப் பார்த்துக் கும்பிட்டார், ஒருவர் காயைப் பார்த்துப் போரை நினைத்தார்.

இது தென் அமெரிக்க மரம். ஆகவே தேவாரம் பாடப்பட்ட காலத்தில் தமிழ்நாட்டில் இது இல்லை. இலங்கையிலும் தாய்லாந்திலும் பௌத்தர்கள் இதையே புத்தர் பிறந்தபோது நிழல் தந்த சால மரம் என்று விகாரைகளில் வளர்க்கிறார்கள். உண்மையான சால மரம் வேறு. வந்த மரம் என்பதால் பக்தி குறைவதில்லை. நாமும் வந்தவர்கள்தான். ஆனால் கோயிலில் இதை நடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய் கனமானது. விழும் இடத்தில் பிள்ளைகள் விளையாடாமலும் பக்தர்கள் வரிசை நிற்காமலும் பார்த்துக்கொள்வது நல்லது.

இலவம். கிளைகள் அடுக்கடுக்காகப் படுக்கை வசத்தில் நீளும். இலை, விரித்த கை போல இருக்கும். காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். மலாயில் கெக்காபு. உலகம் முழுக்கப் பரவிய 'கப்போக்' என்ற சொல்லும் மலாய், ஜாவா மொழிகள் தந்ததே. லயத்து வீடுகளில் தலையணைக்கு இந்தப் பஞ்சுதான். ஆனால் இலவு காத்த கிளி என்ற பழமொழியில் வரும் பழைய இலவு, சிவந்த பெரிய பூக்கள் பூக்கும் முள்ளிலவு. பஞ்சு ஒத்திருந்ததால் புதிதாக வந்த மரத்துக்கும் பழைய பெயரையே கொடுத்துவிட்டோம்.

நெல்லி. நெல்லி என்று நாம் இரண்டு மரங்களைச் சொல்கிறோம். இறகு போல் மெல்லிய சிற்றிலைகளும், தனித்தனியே உருண்டு வரியோடிய காயும் உள்ளது பெருநெல்லி. கிளையிலும் அடிமரத்திலும் கொத்துக் கொத்தாகப் புளிப்புக் காய் காய்ப்பது அரைநெல்லி. மலாயில் அது செர்மாய். பெருநெல்லிக்கு மலாய்ப் பெயர் மெலாக்கா. பரமேஸ்வரா மரத்தடியில் ஓய்வெடுத்தபோது சருகுமான் நாயை உதைத்துத் தள்ளியதைக் கண்டு அங்கேயே நகரம் அமைத்தார் என்று பள்ளியில் படித்தோமே, அந்த மரம் நெல்லிமரம். நெல்லிக்குத் தமிழிலும் வழங்கும் 'ஆமலகம்' என்ற வடசொல்லோடு மெலாக்காவை இணைத்துப் பார்ப்பது வழக்கம். மலாக்காவுக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகளிடம் இது நெல்லிக்காய் ஊர் என்று சொல்லலாம்.

கற்பூர மரம். மலாயில் காப்பூர். இலையில் கற்பூர வாசனை இருக்கும். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தில் இந்த மரங்கள் வளர்ந்த பகுதியில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் தலை இன்னொன்றின் தலையைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்பது தெரியும். வானத்தில் விரிசல் விட்டது போல் இருக்கும்.

தமிழர் இந்த மரத்தைத் தேடிவந்தது ரப்பருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன். சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் கற்பூரத்துக்குப் பெயர்பெற்றது. அங்கே லோபு துவா என்னும் இடத்தில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பொறித்தது அது. கற்பூரமும் காப்பூரும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள். சுண்ணாம்பையும் மலாயில் 'காப்பூர்' என்பார்கள். அது வேறு பொருள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடல் கடந்த சொற்கள்

மலாயில் மாம்பழத்துக்கு 'மெம்பெலாம்' என்றும் 'மங்கா' என்றும் பெயர்கள் உண்டு. முதலாவது நம் 'மாம்பழம்', இரண்டாவது 'மாங்காய்'. ஆங்கிலச் சொல்லும் போர்த்துகீசியர் வழியாக அதே மாங்காயிலிருந்து போனதுதான். முருங்கை மலாயில் 'மெருங்காய்', அறிவியலில் 'மொரிங்கா'. தேக்கு ஆங்கிலத்தில் 'டீக்' ஆனது.

நாமும் வாங்கிக்கொண்டோம். 'டூரி' என்றால் முள், அதனால் டுரியான். 'ரம்புட்' என்றால் முடி, அதனால் ரம்புத்தான். ரம்புத்தான் போலவே இருந்து, முடிக்குப் பதிலாகத் தடித்த குட்டை முட்கள் கொண்டது புலாசான். 'பூலாஸ்' என்றால் முறுக்குவது. இரண்டு கையாலும் முறுக்கித் திறக்கும் பழம் என்று பெயரே செய்முறை சொல்கிறது. மாத்தா கூச்சிங் என்றால் பூனைக்கண். தோலை உரித்தால் காரணம் தெரியும். மீன் குழம்புக்குப் போடும் ஆசாம் கெப்பிங், கெலுகோர் மரத்துக் காயைச் சீவி உலர்த்தியது. தமிழ்நாட்டின் தெற்கிலும் கேரளத்திலும் குழம்புக்குப் போடும் குடம்புளியின் உறவுக்கார மரம் அது. வந்த இடத்தில் பழைய புளிக்குப் பதிலைக் கண்டுபிடித்த பெண்கள் தாவரவியல் படிக்கவில்லை, நாக்கில் வைத்துப் பார்த்தார்கள்.

ஊர்ப் பெயரில் நிற்கும் மரங்கள்

மரம் வெட்டப்பட்டாலும் பெயர் ஊரில் நின்றுவிடுவதுண்டு. பினாங்கு என்றால் பாக்கு. பெட்டாலிங் ஜெயாவின் பெயரில் உள்ள 'பெட்டாலிங்' உறுதியான கட்டை தரும் ஒரு காட்டு மரம். சிப்பாங் என்ற பெயர் சாயமேற்றப் பயன்படும் செபாங் மரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கேரளத்தில் குடிநீரைச் சிவக்க வைக்கும் பதிமுகக் கட்டை அதே மரம்தான். சுங்கை பூலோ என்றால் மூங்கில் ஆறு. இந்த ஊர்களின் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது பிள்ளைகளிடம் சொல்ல ஒரு கதை கிடைக்கும்.

நாம் செய்யக்கூடியது

மலாயா மரங்களைப் பற்றிய நல்ல நூல்கள் ஆங்கிலத்தில் உண்டு. பர்கில் தொகுத்த பொருளாதார விளைபொருள்களின் அகராதி 1935இலும், கார்னர் எழுதிய சாலையோர மரங்கள் நூல் 1940இலும் வெளிவந்தன. மலாய்ப் பெயர்களை இத்தகைய நூல்களில் தேடலாம். தோட்டத் தமிழர் வாயில் வழங்கிய பெயர்களை நாம்தான் எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியையோ தாத்தாவையோ அழைத்துக்கொண்டு பழைய தோட்டக் கோயில் பக்கம் போங்கள். மரத்தின் முழு உருவம், பட்டை, இலையின் இரு பக்கம், பூ, காய் ஆகியவற்றைப் படம் எடுங்கள். அளவு தெரிய காயின் பக்கத்தில் ஒரு காசை வையுங்கள். பெயரைத் திருத்தாமல், அவர்கள் சொன்ன ஒலியிலேயே எழுதுங்கள். எதற்குப் பயன்பட்டது, யார் தொடக் கூடாது என்றார்கள், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். இவ்வட்டாரத்தின் தெமுவான் பூர்வகுடி மக்களிடமும் மலாய் அண்டை வீட்டாரிடமும் அதே மரத்தின் பெயரைக் கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். கடைசியாக அறிவியல் பெயரைச் சரிபாருங்கள். கைப்பேசிச் செயலி சொல்வதை முதல் துப்பாக எடுத்துக்கொள்ளலாம், முடிவாக அல்ல. பெயர் உறுதியாகும் வரை எந்தக் காயையும் இலையையும் வாயில் வைக்கக் கூடாது.

தமிழ்ப்பள்ளிகளில் இதை ஓர் ஆண்டுப் பணியாகச் செய்யலாம். ஒரு மாணவர் ஒரு மரம் என்று எடுத்தாலும் ஒரு வகுப்பில் முப்பது மரங்கள் பதிவாகிவிடும். பள்ளி வளாகத்து மரங்களில் தமிழ், மலாய், அறிவியல் பெயர்களோடு ஒரு பலகை மாட்டினால் அது பல ஆண்டு பாடம் சொல்லும்.

அந்தத் தாமானில் பையன் காயைக் கீழே போட்டுவிட்டான். மறுநாள் அதே மரத்தடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை குனிந்தபோது, "அத தொடாத, அது காட்டரளி" என்று அவனே சொன்னான். பெயர் ஒரு தலைமுறையைத் தாண்டிப் பேரனிடம் வந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இன்னும் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.